பொங்கல் மேடையும் பள்ளி வாசலும்

டிசம்பர் 6, சனி.

டெல்லி மோதி பாக்கில் இன்று எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்கு எம்.எல்.ஏ. அம்மா வந்திருந்தார். "வணக்கம்" ஒன்றுதான் தமிழ், மற்றதெல்லாம் ஹிந்தி. தமிழர்களுக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். செயலாளர் வழக்கம்போல பொங்கல் விழாவுக்கு மேடை கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, என் அரைகுறை ஹிந்தியில் சொல்லிவிட்டேன்: மேடை இருக்கட்டும், பள்ளிக்கூட வாசலில் சிக்னல் வேண்டும். பனிமூட்டத்தில் பிள்ளைகள் தாண்டுகிற அந்த ரோட்டை நீங்கள் ஒருமுறை தாண்டிப் பாருங்கள்.

பக்கத்தில் என் வீட்டுக்காரர் புடவையைப் பிடித்து இழுத்தார். "சும்மா உக்காரு. அடுத்த வருஷம் டிரான்ஸ்ஃபர் வந்தா போயிடுவோம். நமக்கெதுக்கு வம்பு?" டெல்லிக்கு வந்த நாளிலிருந்து இதையேதான் சொல்கிறார். அன்று கைக்குழந்தையாக இருந்த பையன் இப்போது காலேஜே முடித்துவிட்டான்.

எம்.எல்.ஏ. அம்மா என் பக்கம் திரும்பினார். "அச்சா, நாளைக் காலையில் வருகிறேன். சேர்ந்தே தாண்டுவோம்" என்றார். சிக்னல் வருமோ என்னவோ, அவர் வருவார் என்றுதான் தோன்றுகிறது.

வீட்டுக்காரர் இப்போது வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டால் ஆபீசுக்காம். நாளை ஞாயிற்றுக்கிழமை.