மிரியம் அக்காவின் ஞாயிற்றுக்கிழமை எதிராளி

என் அன்பு மிரியம் அக்கா,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்துகொண்டேதான் தமிழில் எழுதுகிறேன். இத்தனை வருடமும் உங்கள் மொழியில் உங்களோடு சண்டை பிடித்தேன். இந்த ஒரு முறை நீங்கள் கொஞ்சம் சிரமப்படுங்கள். வேறொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஆட்களில் ஒருவர் போனால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதில் போனவர்கள் எல்லோரும் பொறுமையின் வடிவமாகவே இருப்பார்கள். உங்களை அப்படி எழுத எனக்குக் கை வராது. அதனால் லண்டன் தமிழ்ப் பத்திரிகைக்கு இந்தக் கடிதம். உங்கள் வழக்கில் துக்கம் முப்பது நாள், எங்களுக்கு முப்பத்தொன்று. அந்த ஒரு நாளுக்கும் நாம் இருவரும் வாதாடியிருப்போம், இல்லையா?

வாசிப்பவர்களுக்கு உங்களை யாரென்று சொல்ல வேண்டும். இல்ஃபோர்டில் எங்களுக்குப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சினகாக்கில், அதாவது யூதர்களின் கோயில் மண்டபத்தில், கல்லூரிக்குப் போகவிருக்கும் யூதப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினீர்கள். விடுதியில் எதைச் சாப்பிடலாம், உங்கள் ஓய்வுநாளான சனிக்கிழமை சோதனை வைத்தால் யாரிடம் போய் என்ன சொல்வது, மாணவர் சங்கக் கூட்டத்தில் யாராவது "உங்கட நாடு" என்று விரல் நீட்டினால் எழும்பிப் பேசுவதா, ஓடிப்போய் அழுவதா. இவைதான் பாடங்கள்.

நான் எப்படி அங்கே வந்தேன்? என் கணவரின் சிநேகிதர்கள் சனிக்கிழமைகளில் எங்கள் முன்னறையில் கூடி ஊர் அரசியலைப் பிரித்து மேய்வார்கள். ஒருநாள் அவர்கள் போனதும் நீங்கள் கதவைத் தட்டினீர்கள். சத்தத்துக்கு ஏசத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"என்ன பாஷை என்று தெரியவில்லை. நாலு ஆண்கள் கத்தியும் நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பது மட்டும் சுவரால் விளங்கியது. என் மாணவர்களுக்கு அப்படி ஓர் எதிராளி வேண்டும். நாளைக்கு வருவீர்களா?" என்றீர்கள்.

"நான் சைவம், அக்கா. உங்கட சமயத்தைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது."

"நல்லது. கல்லூரியில் இவர்களைக் கேள்வி கேட்கப்போகிறவர்களுக்கும் ஒன்றும் தெரியாது."

அப்படித்தான் உங்கள் வகுப்பின் எதிர்க்கட்சி ஆனேன். உங்கள் சட்டம் ஒன்றே ஒன்று. கேள்விக்கு உடனே பதில் சொல்லக் கூடாது. முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டவரைவிட நன்றாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டவர் "அதுதான்" என்று ஒத்துக்கொண்ட பிறகே பதில். முதல் நாள் நான் பழக்கதோஷத்தில், ஆம் என்பதை எங்கள் ஊர்ப் பேச்சில் "ஓம்" என்றுவிட்டேன். அதிலிருந்து இல்ஃபோர்ட் யூதப் பிள்ளைகள் எல்லாரும் என் வாயிலிருந்து ஓர் "ஓம்" விழக் காத்திருந்தார்கள். நானும் லேசில் கொடுக்கவில்லை.

டானியலை நினைவிருக்கும். ஒல்லி, வாய்க்காரன். ஒரு ஞாயிறு நான் நடிக்காமலே கேட்டேன்: "யாழ்ப்பாணத்தில் என் வீடு ராணுவ முகாமுக்குள் போய்விட்டது. யாரோ என் குசினியில் தேத்தண்ணி ஊற்றுகிறான். நான் அவனைப் பார்க்கிறதுபோலத்தான் பலஸ்தீனத்தில் வீடு போனவள் உன்னைப் பார்ப்பாள். அவளுக்கு என்ன சொல்லப்போகிறாய்?" அவன் யோசித்துச் சொன்னான்: "நீங்கள் என்னிடம் வரலாறு கேட்கவில்லை. உங்கள் வீட்டுத் திறப்பு, அந்தச் சாவி, யாரிடம் என்று கேட்கிறீர்கள்." "ஓம்" சொல்ல நேரமாயிற்று. பிறகுதான் அவன் பதில் சொன்னான், தன் பாட்டனார் போலந்தில் விட்டுவந்த வீட்டிலிருந்து தொடங்கி. எனக்கு அந்தப் பதில் முழுதாகத் திருப்தி இல்லை. உங்களுக்கும் இல்லை. அந்த யூத நாட்டின்மேல் உங்களுக்குப் பாசமும் இருந்தது, அதன் அரசின்மேல் கோபமும் இருந்தது. இரண்டையும் பிள்ளைகளுக்கு ஒளிக்கவில்லை.

அதே டானியலால்தான் வகுப்புக்கு வினை வந்தது. அவனுடைய கல்லூரியில் யூத மாணவர் சங்கத்துக்கு அறை கொடுக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம். கூட்டம் மாரிகாலத்து வெள்ளிக்கிழமை பின்னேரம். அவன் எழும்பி, நீங்கள் படிப்பித்தபடியே, எதிர்த்தரப்பின் நியாயத்தை அவர்களைவிட நன்றாக எடுத்துச் சொன்னான். அன்றைக்கென்று பார்த்து உங்கள் சினகாக் கமிட்டிச் செயலாளர், அங்கே படிக்கும் மருமகனைப் பார்க்கப் போனவர், பின்வரிசையில் இருந்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சூரியன் விழுந்தால் சபாத், அந்த ஓய்வுநாள், தொடங்கிவிடும். அதற்குப் பிறகு காரில் ஏற முடியாது. பாதியில் எழும்பி வீட்டுக்கு ஓடிவிட்டார். டானியலின் விடுதி நடக்கிற தூரம். அவன் நின்று மிச்சத்தைப் பேசினான். அறையும் கிடைத்தது.

செயலாளர் இல்ஃபோர்டுக்குக் கொண்டுவந்தது முதல் பாதியை மட்டும். "எங்கள் பிள்ளை எதிரிக்காகப் பேசினான்!" பக்திதான் அவரைப் பாதியில் எழுப்பியது என்பதை நினைத்தால் கோபத்திலும் சிரிப்பு வருகிறது. கமிட்டி கூடி முடிவெடுத்தது: இனி அச்சடித்த பதில்கள் தருவார்கள், பிள்ளைகள் மனனம் செய்தால் போதும். வெளியாட்கள் வகுப்புக்குள் வரக் கூடாது. அந்த வெளியாட்கள் நான் ஒருத்திதான். "கிளிக்கு எதற்குக் கல்லூரி?" என்று அவர்களைக் கேட்டுவிட்டு நீங்கள் வந்தீர்கள். பிறகு உங்களைப் படுக்கை பிடித்துக்கொண்டது. மண்டபமும் பூட்டப்பட்டது.

நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டில் அந்த முப்பதில் முதல் ஏழு நாளும் இருந்து துக்கம் கொண்டாடினார்கள். உங்கள் சொந்தக்காரர் துக்கத்துக்கு இருக்கும் தாழ்ந்த கதிரைகளுக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன். செயலாளரும் வந்தார். உங்களைப் பற்றி நல்லதாகவே சொன்னார். வகுப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், துக்க வீட்டில் தரும் அவித்த முட்டையைத் தொடாமலே வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு என் வீட்டு மணி அடித்தது. டானியலின் தங்கை ரூத். இந்த வருடம் கல்லூரிக்குப் போகிறவள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர். "அன்ரி, எங்களுக்கு எதிராளி வேணும்," என்றாள். என் கணவர் சனிக்கிழமைக் கதிரைகளை எடுத்துப் போட்டார். என் மகள் சுமதியும் கல்லூரிக்குப் போகிறவள்தான். அவளும் வரிசையில் போய் இருந்துகொண்டாள். வகுப்பு நடக்கிறது, அக்கா! உங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் நடக்கிறது.

போன ஞாயிறு செயலாளரே வந்துவிட்டார். காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "இந்த அம்மா உங்களிடம் எல்லாம் கேட்கிறார். இவரிடம் யார் கேட்கிறார்கள்?"

நியாயமான கேள்விதான், என்ன செய்ய?

"நான் கேக்கிறன்," என்று சுமதி எழும்பினாள். அறையில் இருந்த எல்லாருக்கும் விளங்கட்டும் என்று இங்கிலீஷில் கேட்டாள், 'அம்மா' மட்டும் தமிழ். "அம்மா, யாழ்ப்பாணத்தில் இருந்து முஸ்லிம் சனத்தை எங்கட ஆக்களே வீடுகளை விட்டுக் கலைச்சவை. அவையின்ர வீட்டுத் திறப்பு யாரிட்ட?"

இதை எங்கள் முன்னறையில் நான் சொல்லிக் கத்தியிருக்கிறேன். என் கணவரின் சிநேகிதர்கள் இரண்டு பேர் அதோடு வருவதையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் உங்கள் சட்டம் சட்டம்தானே. முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னேன்: "நான் வீட்டுக்குள்ள கத்தினது காணாது எண்டு சொல்லுறாய். என்ர வீட்டுக்கு நியாயம் கேக்கிற அதே குரலில, எங்கட ஆக்களுக்கு முன்னால, என்ர பேரால வீடு போன சனத்துக்கும் கேப்பனோ எண்டு கேக்கிறாய்."

என் வயிற்றில் பிறந்தவள் என்னைக் காக்க வைத்தாள், அக்கா. பிறகு, "ஓம் அம்மா," என்றாள்.

"கேப்பன்," என்றேன்.

செயலாளர் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு அவருக்குச் சூரிய அவசரம் இல்லை. கடைசிவரை கேட்டார். மண்டபத்தைத் திறக்கிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதுதான் நான் சொன்ன மற்றக் காரணம். எங்கள் ஆட்களுக்கு முன்னால் கேட்பதென்றால் தமிழில்தான் கேட்க வேண்டும். ஆகவே, இதை வாசிக்கிற என் சனமே, கேட்கிறேன்: அந்தத் திறப்புகள் எங்களிடம் இருக்கின்றன. எப்போது திருப்பிக் கொடுக்கப்போகிறோம்? பத்திரிகை ஆசிரியர் இந்தப் பந்தியை வெட்டினால் கோயில் வாசலில் நின்று சத்தமாகக் கேட்பேன். என் சத்தம் சுவர் தாண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

இதற்குப் பதில் சொல்ல வருகிறவர்களுக்கு என் வீட்டில் கதிரை இருக்கிறது. முதலில் என் கேள்வியைத் திருப்பிச் சொல்லட்டும். நான் "ஓம்" என்ற பிறகு எவ்வளவும் திட்டலாம். உங்கள் மேல் ஆணை அக்கா, இரண்டாம் பாதியையும் இருந்து கேட்பேன்.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
விட்டுக்கொடுக்காத உங்கள் தங்கச்சி