அண்ணாச்சிக்கு அவகாசம் உண்டு

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
14-9-2025

அன்பு மகள் பாகீரதிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்த மெல்போர்ன் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று நேற்றுகூடப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். சுகம் என்று எழுதும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருவோணத்தன்று நீ போன் பண்ணியபோது அப்பாவுக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறார் என்று அம்மா சொன்னாளே, அது பொய். நான்தான் சொல்லச் சொன்னேன். அன்றைக்கும் எனக்கு ஒரு குறையுமில்லை, அடுத்த அறையில் உட்கார்ந்து நீ பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாத்திரை பெயரைக்கூட நீ இரண்டு தடவை சொன்னாய். இதைப் போனிலேயே சொல்லலாம் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நடுவில் நடுவில் வக்காலத்து வாங்குவாள், அதுவும் எனக்காக இல்லை. அதனால்தான் கடிதம். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும், மெதுவாகவே படி.

விஷயம் நீதுவைப் பற்றியது. உன்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் இருந்தவள், அம்மா அடை சுடும் நாளை எப்படித்தான் மோப்பம் பிடிப்பாளோ, சரியாக அன்று வந்து நிற்பாள். இரண்டு வருஷம் முன்னால் அவளைக் கடையில் சேர்த்துவிட்டதே நான்தான். பத்தொன்பது வருஷமாக மேல் மாடிச் சேலைப் பிரிவுக்கு நான் ஒருவன்தான் இன்சார்ஜ். யார் எந்தக் கவுண்டரில் நிற்பது, யாருக்கு என்றைக்கு லீவு, எல்லாம் என் வாய்ச்சொல்தான், கோடவுன் சாவி என் இடுப்பில். ஆடியில் முதலாளி கூப்பிட்டு, இனி மாடிக்கு இரண்டு இன்சார்ஜ், சரக்கை அண்ணாச்சி பார்க்கட்டும், ஆட்களை நீது பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். பொறுப்பை இங்கே சுமதல என்பார்களே, தலையிலிருந்து பாதிச் சுமை இறங்கியது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது மக்களே. மறைத்து என்ன, பொறாமைதான். அவள் டியூட்டி லிஸ்டை மலையாளத்தில் டைப் செய்து வாட்ஸாப் குரூப்பில் போடுவாள், நான் அந்த குரூப்பில் சேரவே மாட்டேன் என்றுவிட்டேன். அவளுக்குச் சுற்றுகிற நாற்காலி வந்தது, என் ஸ்டூல் அப்படியே. அவள் ஏதாவது சொன்னால் முதலாளி சிரிக்கிறார், பத்தொன்பது வருஷத்தில் நான் சொல்லி அவர் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவள் அடுக்கிவைத்த சேலைகளை, அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, நான் திரும்பக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினேன். வீட்டில் தன் படுக்கை விரிப்பைக்கூட மடிக்காத மனுஷன் என்று அம்மா கேட்டால் சிரிப்பாள், அவளிடம் சொல்லிவிடாதே.

ஓணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அது வெடித்தது. கடையில் கால் வைக்க இடமில்லை. ஓணத்துக்குப் பெண்கள் கட்டும் செட்டுமுண்டு கவுண்டரில் லிஸ்ட்படி நிற்க வேண்டியவள் ரோஸ். நான் ரோஸைக் கூப்பிட்டு, கோடவுனில் பட்டுச் சேலை பிரிக்கப் போ என்று அனுப்பிவிட்டேன், நீதுவிடம் சொல்லவில்லை. சரக்கு என் பொறுப்புதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பட்டை அன்றைக்குப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை, இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். அரை மணி நேரம் கவுண்டரில் ஆளில்லை. திருவாதிரை நடனம் ஆட ஒரே மாதிரி செட்டுமுண்டு கேட்டுப் பதினைந்து பெண்கள் வந்து, நின்று பார்த்துவிட்டு, எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். ரோஸை யார் மாற்றியது என்று நீது எல்லார் முன்னாலும் கேட்டாள். நான் சத்தமாக, நீ யூனிபார்ம் போட்டுக்கொண்டு என் வீட்டில் அடை தின்ன வந்த காலத்திலேயே இந்த மாடியில் ஆளை நிறுத்தியவன் நான் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. முதலாளி உள்ளே கூப்பிட்டார், அதுவும் அவளை மட்டும். நான் கையில் நாலு சேலையை வைத்துக்கொண்டு ஏதோ வேலை இருக்கிற மாதிரி கேபின் வாசலில் நின்றேன். கதவு திறந்தபோது நீது சொன்னதில் கடைசித் துண்டு மட்டும் காதில் விழுந்தது. அண்ணாச்சிக்கு அவகாசம் உண்டு சார் என்றாள். அவ்வளவுதான். எனக்குக் கெடு வைக்கிறார்களா? ஓணம் முடியும் வரை டைம் கொடுத்து, அப்புறம் போகச் சொல்லப் போகிறார்களா? அதை இவள் வாயாலேயே கேட்க வேண்டுமா? மறுநாள் கடை திறந்ததும் முதலாளி மேஜையில் கோடவுன் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தக் காய்ச்சல்.

ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று, ஊரே கடையில் இருந்திருக்கும், நான் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நான் இல்லாமல் மாடி திண்டாட வேண்டும் என்று ஆசைப்பட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு போன்கூட வரவில்லை, அது இன்னும் எரிந்தது. திருவோணத்துக்கு மறுநாள் நீது ஒரு தூக்கில் அடைப்பிரதமன் பாயசத்தோடு வந்தாள். கடையில் எல்லாரையும் போல அண்ணாச்சி என்பவள், நம் வீட்டு வாசலில் பழையபடி அங்கிள் என்று கூப்பிட்டாள். ஒட்டின கவர் ஒன்றைக் கொடுத்தாள், மேலே என் பெயர், உள்ளே கோடவுன் சாவி. முழு மாடியையும் நீயே பார்த்துக்கொள் என்று முதலாளி சாவியை நீட்டினாராம், இவள் அதைக் கவரில் போட்டு ஒட்டிவிட்டு, முதலாளியிடம் இருந்த மாற்றுச் சாவியைக் கேட்டுக் கேட்டு அந்த நெரிசலைச் சமாளித்திருக்கிறாள். நீதானே எனக்கு அவகாசம் உண்டு என்று கெடு வைத்தாய் என்று நான் கேட்டேன். அவள் அன்று கேபினில் சொன்னதை முழுசாகச் சொன்னாள். ஆளெ மாற்றான் அண்ணாச்சிக்கு அவகாசமுண்டு சார், மாற்றும்போது என்னிடமும் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாளாம். ஆளை மாற்ற அண்ணாச்சிக்கு உரிமை உண்டு என்று எனக்காகப் பேசியிருக்கிறாள் பாவி. உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முப்பது வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன், மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் காது தமிழில்தான் கேட்டது. பொறாமை பிடித்தவனுக்கு எது கெட்ட அர்த்தமோ அதுதான் முதலில் காதில் விழுகிறது.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். ரோஸ் முன்னால் வைத்தே நீதுவிடம், அன்று நான் செய்தது தப்பு என்று சொன்னேன். இப்போது காலையில் அவள் லிஸ்டை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் குரூப்பில் போடுகிறாள், கோடவுனுக்கு ஆள் வேண்டுமென்றால் நான் அவளிடம் கேட்கிறேன். குரூப்பிலும் சேர்ந்துவிட்டேன், காலை வணக்கப் பூக்கள் தாங்க முடியவில்லை. பொறாமை முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு காய்ச்சல். அந்த நாற்காலியைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் எரிகிறது. உன் ஆபீசில் வயதான ஒருவர் உன் வேலையில் மூக்கை நுழைக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னாயாமே, அவர் திடீரென்று நாலு நாள் லீவு போட்டால் காய்ச்சல் என்று நம்பிவிடாதே, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா.

இன்னொன்று. சாயங்காலம் ஏழு மணிக்குப் பெண்களுக்கு டியூட்டி முடியும். நீதுவின் அப்பா எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மகளுடைய ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். மாடி ஜன்னலில் நின்றால் தெரியும். இரண்டு வருஷமாக நான் தினமும் அந்த ஜன்னலில் நிற்கிறேன். நாற்காலி, லிஸ்ட் எல்லாம் சும்மா. எனக்கு அந்த மனுஷன் மேல்தான் பொறாமை என்று இந்த வாரம்தான் பிடிபட்டது. அன்று போனில், தீபாவளிக்கு வரலாமா, அப்பாவுக்குச் சிரமமாக இருக்குமோ என்று நீ அம்மாவிடம் கேட்டாயே, காய்ச்சல்காரன் எழுந்து வந்து எப்படிப் பதில் சொல்வது?

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. வரலாமா என்று மட்டும் இனிமேல் கேட்காதே. இந்த ஒரு வரியை நீ பள்ளியில் படித்த மலையாளத்தில் படித்துக்கொள்: இந்த வீட்டுக்கு வர உனக்கு அவகாசம் உண்டு.

இப்படிக்கு,
காய்ச்சல் விட்ட உன் அப்பா,
ஆறுமுகநயினார்