பாலம் தாண்டினால் நின்றுபோகும் குரல்

அன்பு மகள் ரெனேவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை கிளைவும் குழந்தை ஒடெட்டும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். பெர்த்தில் இன்னும் வெயில் தணியவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். இங்கே ஏப்ரல் பிறந்தும் கோழிக் கொட்டகையின் வடக்குப் பக்கம் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது, கோழிகள் வெளியே வந்து காலை நனைத்துப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிடுகின்றன. என் முட்டிவலி அப்படியேதான். குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்றாயே, ஜுரம் வந்தால் பல்லால்தான் என்று சும்மா இருந்துவிடாதே, ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடு. இதெல்லாம் போனிலேயே பேசியாயிற்று, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன வாரம் நீ வீடியோவில் கூப்பிட்டபோது அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், கையில் கட்டு எதற்கு என்று நீ கேட்டதற்கு, அடுப்புத் தட்டு சுட்டுவிட்டது என்றாள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அது பொய். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை, காப்பி போடுகிறேன், குடிக்காமலே ஆறவிட்டு வேலிவரை நடந்துவிட்டு வருகிறேன். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

போன அக்டோபரில் நம் ஊர் ரேடியோ நிலையத்தை டிஜிட்டலுக்கு மாற்றினோம் என்று உனக்குத் தெரியும், உன்னிடம் அரைமணி நேரம் பெருமை அடித்தேனே. முதலாளி டெல்மருக்கு முதலில் அதில் விருப்பமே இல்லை, விடாமல் நச்சரித்தது நான்தான். முப்பத்தொரு வருஷம் அங்கே டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொண்டு அந்த ஏ.எம். அலையின் இரைச்சலோடு மல்லுக்கட்டியவன் நான். மின்கம்பி முனகும், இடி தூரத்தில் இடித்தாலே சடசடவென்று காதில் விழும், யாரோ தோட்டத்தில் மின்வேலி போட்டிருந்தால் அது டிக் டிக்கென்று செய்திக்கு நடுவே தாளம் போடும். டிஜிட்டலில் அது ஒன்றும் கிடையாது. ஆனால் நமக்கு இருப்பது ஒரே அலைவரிசை, முழுக்க மாற்றிவிட்டால் பழைய பெட்டியில் குழாயில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓர் ஓசை மட்டும்தான் வரும். அதற்காக டெல்மர் புதுப் பெட்டிகளை மொத்தமாக வரவழைத்து ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தான், அம்மாவின் காரில் ஏற்கெனவே புது ரேடியோ இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையை நேரடியாக ஒலிபரப்பினோம். அம்மா சமையலறையில் நின்று கேட்டவள், ஆர்கன் வாசிக்கிறவர் நகர்ந்து உட்கார்ந்தபோது பெஞ்சு கிறீச்சிட்டதுகூடக் கேட்டது என்றாள். முதியோர் இல்லத்திலிருந்து ஆட்ரியன் வெட்ஷ் போன் செய்து, இருபது வருஷத்துக்கு அப்புறம் பாட்டின் வார்த்தைகள் எனக்குப் புரிகின்றன என்றார். இனி செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது, சிரிக்காதே.

ஆனால் அதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஏ.எம். தேய்ந்து தேய்ந்துதான் போகும். நூறு மைலுக்கு அப்பாலும் இரைச்சலுக்குள் யாரோ பேசுவது கேட்கும், காதைத் தீட்டினால் சொல் புரியும். டிஜிட்டல் இருந்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் சுத்தமாக இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. நவம்பரில் ஒருநாள் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்க மேற்கே காரை ஓட்டிக்கொண்டு போனேன். முப்பத்தொன்றாவது மைலில் சாலை இறங்கி ஓடைப்பாலம் வருமே, அங்கே பேச்சு சொல்லின் பாதியில் நின்றது. பாலத்தைத் தாண்டியும் வரவில்லை. அறுபது மைலில் உன் வயலட் சித்தி வீடுவரை போய்ப் பார்த்தேன், ஒரு மூச்சுகூட இல்லை. இன்னும் இரண்டு முறை போனேன், அதே இடம். டெல்மரிடம் மேற்கே சில இடங்களில் கொஞ்சம் விட்டுவிட்டு வருகிறது என்று மட்டும் சொன்னேன். விட்டுவிட்டு வரவில்லை ரெனே, வரவே இல்லை. அதை அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பத்துநான்காவது மைலில் ஆடு வளர்க்கிறாளே லுடெல்லா ஷான், அவள் டிசம்பரில் புதுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிலையத்துக்கே வந்தாள். நான் மேஜைமேல் வைத்துப் போட்டதும் அருமையாகப் பாடியது. உன் வீட்டில் குளிர்பெட்டிப் பக்கத்தில் வைத்திருப்பாய், அதுதான் கெடுக்கிறது என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“முன்னாடி கரகரன்னு இருந்தாலும் உள்ள ஒரு ஆள் பேசுவான் எல்ராய். இப்ப கரகரப்பும் இல்ல, ஆளும் இல்ல.”

நான் சிரித்து, கூரையோரம் கட்டிக்கொள் என்று நீளமாக ஒரு கம்பியை வெட்டிக் கொடுத்து அனுப்பினேன். எந்தக் கம்பியும் பிரயோசனப்படாது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் பன்னிரண்டு, வியாழக்கிழமை. வயலட் சித்தி அறுவைசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள், அம்மா காலையிலேயே சூப்பும் பிளம்ஸ் கூகென் கேக்கும் எடுத்துக்கொண்டு போனாள். பனிப்புயல் சாயங்காலம்தான் என்று சொல்லியிருந்தார்கள், அதற்குள் திரும்பிவிடுவதாகக் கணக்கு. நான் ஊருக்கு வெளியே டிரான்ஸ்மிட்டர் கொட்டகையில் இருந்தேன். ஒன்று பத்துக்கு டெல்மர் பாட்டை நிறுத்தி அவசர அறிவிப்பு படித்தான், புயல் முந்திக்கொண்டது, மேற்கே இப்போதே அடிக்கிறது, நெடுஞ்சாலையை மூடுகிறார்கள், வண்டியில் இருப்பவர்கள் கிடைத்த வீட்டில் ஒதுங்குங்கள். அம்மாவின் போனுக்கு அடித்தேன், அந்தப் பக்கம் எப்போது சிக்னல் இருந்திருக்கிறது. சித்திக்கு அடித்தேன், அம்மா கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகிறது என்றாள். லுடெல்லாவுக்கு அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஆடு ஈனுகிற சமயம், கொட்டகையில் இருந்திருப்பாள். டெல்மர் ஊருக்குள் நிலையத்தில் உட்கார்ந்து அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான், குரல் அவ்வளவு துல்லியமாக இருக்கிறது, அம்மா இருக்கிற இடத்தில் அதில் ஒரு எழுத்துகூட விழாது என்று உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். யாரையும் கேட்கவில்லை. டிஜிட்டலை அணைத்து டிரான்ஸ்மிட்டரைப் பழைய ஏ.எம்.முக்குத் திருப்பினேன், அதற்கு எட்டு நிமிஷம் ஆயிற்று, அந்த எட்டு நிமிஷமும் ஊரே ஊமையாகிவிட்டது, டெல்மர் போனில் கத்திக்கொண்டிருந்தான். சோதனைக்கு வைத்திருக்கும் பழைய மைக்கை எடுத்து நானே பேசினேன். வாழ்நாளில் நான் அலையில் பேசியதில்லை.

“பெர்னிஸ், எல்ராய் பேசறேன். புயல் வந்துடுச்சு. வீட்டுக்கு வராத. லுடெல்லா கேட் வரும், அதுல திரும்பிடு. லுடெல்லா கேட்.”

இதையே இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை சொன்னேன். ரேடியோ சத்தமில்லாமல் கிடந்தாலும் அம்மா அதை அணைக்க மாட்டாள் என்பது ஒன்றுதான் எனக்கிருந்த நம்பிக்கை. யாராவது கேட்கிறார்களா இல்லையா என்றே தெரியாமல் பேசுவது எப்படிப்பட்ட காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கோபுரம் மறைந்தது, பிறகு வேலி, பிறகு என் வண்டி. மணி இரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. லுடெல்லா. “உன் பொண்டாட்டி என் சமையலறையில உக்காந்திருக்கா. போதும், தண்ணி குடி” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அம்மா பிறகு சொன்னது இது. ஊமையாக இருந்த ரேடியோவில் திடீரென்று இரைச்சல் வந்ததாம், அதற்குள் யாரோ இருமுவது போல இருந்ததாம், பிறகு கேட், கேட் என்ற சொல் மட்டும் புரிந்ததாம், குரல் யாருடையது என்று மூன்றாவது தடவைதான் தெரிந்ததாம். அதற்குள் எதிரே எல்லாம் வெள்ளை. கேட்டைத் தாண்டிப் பள்ளத்தில் கார் இறங்கிவிட்டது. கேட் பின்னால்தான் இருக்கிறது என்று தெரிந்ததால் இறங்கி வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டே முந்நூறு கஜம் நடந்திருக்கிறாள், கம்பி முள்ளில் இடது கையுறை கிழிந்துவிட்டது. அந்தக் கையில் இரண்டு விரல்கள் உறைந்து வெளுத்துப்போயிருந்தன. டாக்டர் விரல்களைக் காப்பாற்றிவிட்டார், ஒரு நகம் போய்விட்டது, நுனியில் உணர்ச்சி இன்னும் வரவில்லை. அடுப்புத் தட்டு சுட்டதல்ல.

அதற்கப்புறம் ஊரில் எங்கே போனாலும் என் முதுகில் தட்டுகிறார்கள். மளிகைக்கடையில், கோயில் வாசலில், எல்லாரிடமும் அம்மா, என் வீட்டுக்காரர்தான் என் உயிரைக் காப்பாற்றினார் என்கிறாள். டெல்மர் எனக்கு ஒரு விருந்து வைக்க நாள் பார்த்தான், கூடவே, ஈஸ்டருக்கு மறுபடி டிஜிட்டலுக்குப் போய்விடலாம், ஒலி எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றான். அந்தத் தாள் ஒன்பது நாள் என் சட்டைப்பையில் இருந்தது. நீ போன் செய்த மறுநாள் காலை, அம்மா ஒற்றைக் கையால் முட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நின்றபடியே சொல்லிவிட்டேன். நவம்பர், பாலம், லுடெல்லாவிடம் சொன்ன பொய், எல்லாம். அவள் துணியைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் ஒவ்வொரு தடவ வயலட்டப் பாக்கப் போனப்பவும், பாலம் தாண்டினா ஒண்ணும் கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

தெரியும் என்றேன்.

“நீங்க என்னைக் காப்பாத்துனது நெசம். ஆனா இனிமே அத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. இரண்டு நாள் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதற்குமேல் பேச்சில்லை. மூன்றாம் நாள் கோட்டை மாட்டிக்கொண்டு, லுடெல்லாகிட்ட நேர்ல போய்ச் சொல்லணும், கார நான் ஓட்டறேன் என்றாள். லுடெல்லா ஒரு குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முழுவதும் கேட்டாள். நீ குடுத்த கம்பியில நான் துணி காயப்போடறேன், அதுக்கு நல்லா இருக்கு என்றாள். நாலு மாசம் என் காதுதான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சுட்டிருந்தேன் எல்ராய் என்றாள். மன்னிப்பு கேட்டேன், குட்டிக்குப் பசிக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

டெல்மரிடம் தாளில் முப்பத்தொரு மைல், அதற்குமேல் சுத்தமாக இல்லை, நவம்பரிலிருந்தே எனக்குத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தேன். விருந்து ரத்து, அதுவே எனக்கு நிம்மதி. நாற்பது வருஷச் சிநேகிதன் ஒரு நாள் முழுக்க முகம் கொடுக்கவில்லை, மறுநாள் வந்து, இத நீயே மைக்ல படிடா, நான் படிக்க மாட்டேன் என்றான். நேற்று மத்தியான வானிலைக்கு அப்புறம் படித்தேன். நிலையம் இனி ஏ.எம்.மிலேயே இருக்கும். மேற்கே இருபத்தாறு வீடுகள் இருக்கின்றன, அவர்களுக்குக் கரகரப்போடு ஓர் ஆள் பேச வேண்டும். படித்து முடித்து அரைமணியில் முதியோர் இல்லத்திலிருந்து ஆட்ரியன் கூப்பிட்டார், அப்ப எனக்கு இனி பாட்டு புரியாதா என்று மட்டும் கேட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான். மின்கம்பிக்காரர்களைப் பிடித்து அந்தத் தெரு முனகலையாவது நிறுத்தப் பார்க்கிறேன் என்றேன். இன்றைக்கும் அவர் குரல் காதுக்குள்ளேயே இருக்கிறது, அதனால்தான் எழுதும்போதே இரண்டு தடவை எழுந்துபோய் வந்துவிட்டேன்.

நீ என்மேல் கோபப்பட்டால் அதை எனக்கு நேராக எழுது, அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. குளிர்காலத்தில் நீங்கள் காரில் தூரம் போனால் போர்வையும் கையுறையும் வண்டியிலேயே இருக்கட்டும், அங்கே பனி இல்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் இருக்கட்டும். அடுத்த தடவை கூப்பிடும்போது விரல் எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் நீயாகவே கேள். குழந்தை ஒடெட் நன்றாக வளரட்டும், நீயும் கிளைவும் ஒருவருக்கொருவர் தெரிந்ததை மறைக்காமல் இருங்கள், என் ஆசி அதுதான்.

உன் அப்பா,
எல்ராய் ஃபைஸ்ட்

ரெனே, உறையில் போடுமுன் வாங்கிப் படித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அடுப்புத் தட்டு என்று சொன்னது மட்டும் என் பொய். — அம்மா