உங்களுக்குப் பிடிக்காத லென்ஸ்

எதையும் லேசில் ஒத்துக்கொள்ளாத என் பிரியமான அத்தானுக்கு,

உங்களை அடக்கம் பண்ணி ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்று கோயிலில் நினைவு ஆராதனை வைத்தோம். அது முடிந்து வீட்டுக்கு வந்த உங்கள் அண்ணன், கையிலிருந்த காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் சுவரிலிருந்த உங்கள் படத்தைக் கழற்றச் சொன்னார். கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்தச் சண்டையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

சபையின் மாதப் பத்திரிகைக்கு நினைவஞ்சலி ஒன்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். “உங்க வீட்டுக்காரரோட நல்ல குணங்களை எழுதுங்கம்மா” என்றார் பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளும் வாத்தியார். நல்ல குணங்களை ஆராதனையிலேயே நாலு பேர் பேசிவிட்டார்கள். நான் நம் சண்டையை எழுதப்போகிறேன். அதில்தான் நீங்கள் முழுசாக இருக்கிறீர்கள்.

படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் செல்லத்துரை நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் கடற்கரைக்குப் போகிற சாலையில், சங்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கிகளுக்கு அடுத்தாற்போல, ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் இருட்டறையில் அவரோடு நின்று படத்தட்டுக் கழுவியவள்தான்.

உங்கள் பழைய லென்ஸைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு பெருமை! மீசையில் இருக்கும் மயிரை எண்ணிவிடலாம் என்பீர்கள். ஆனால் அது வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும் லென்ஸ். வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, பின்கழுத்துக்கு இரும்புக் கவட்டையை முட்டுக்கொடுத்து, மூச்சை அடக்கச் சொல்லி நீங்கள் எண்ணி முடிப்பதற்குள் அவர்கள் முகத்தில் இருந்த உயிர் எழுந்து வெளியே போய்விடும். கல்யாண மாப்பிள்ளைகூடத் தீர்ப்புக்குக் காத்திருப்பவனைப் போலத்தான் படத்தில் விழுவான்.

யுத்தத்தில், வெளிச்சத்துக்குக் கொளுத்தும் மக்னீசியத் தூள் கிடைக்காமல் போனது. மேகம் மூடினால் ஸ்டூடியோவையும் மூட வேண்டிய நிலைமை. மங்கிய வெளிச்சத்திலும் சட்டென்று படம் பிடிக்கும் வேகமான லென்ஸ் ஒன்று வேண்டும் என்று முதலில் சொன்னது நீங்கள்தான் அத்தான். அதை மறந்துவிடாதீர்கள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், பழைய துறைமுகத்துப் பக்கம் கப்பல் சாமான் கடை வைத்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சி ஆள் அனுப்பினார். கொழும்பிலிருந்து தோணியில் வந்த பட்டாளத்துச் சாமான்களுக்கு நடுவே இரண்டு லென்ஸ் கிடந்தன. ஒன்று ஆகாய விமானத்திலிருந்து படம் எடுக்க வைத்திருந்தது. கண்ணாடியில் நீலச் சாயலடிக்கும் பூச்சு. துவாரத்தை வேண்டிய மட்டும் சுருக்கவும் விரிக்கவும் ஒரு வளையம். மற்றது ஏதோ கப்பலில் சினிமா காட்டும் மெஷினிலிருந்து கழற்றிய கனத்த பித்தளைக் குழாய். அகன்ற வாய். பூச்சும் கிடையாது, துவாரத்தைச் சுருக்க வழியும் கிடையாது. அது எப்போதும் முழுசாகத் திறந்தேதான் இருக்கும்.

“ரெண்டையும் கொண்டு போய் வச்சுப் பாருங்க. பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைக் கொண்டாந்து குடுத்திருங்க” என்றார் அண்ணாச்சி.

அட்டையை வெட்டி இரண்டையும் மாற்றி மாற்றிக் காமிராவில் பொருத்தினோம். சினிமாக் குழாயை மாட்டியபோது நான் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். காமிராவின் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் நீங்கள் தலைகீழாக உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் ஒரு கண் மட்டும் அப்படித் துல்லியமாக இருந்தது. மூக்கின் ஓரத்திலேயே உருகத் தொடங்கி, காது வருவதற்குள் எல்லாம் பஞ்சாகிவிட்டது. சட்டையில் வெயில் பட்ட இடத்தில் மெல்லிசாகப் பால் படர்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற பூவரச இலைகள் உங்களை நடுவில் வைத்து வட்டமாகச் சுழன்றன. நாலு மூலையும் இருண்டு கிடந்தது.

நான் துணியை விட்டு வெளியே வரவே இல்லை. “ஏளா, உள்ளேயே தூங்கிட்டியா?” என்று கேட்டீர்கள்.

அப்புறம் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து இரண்டிலும் ஒவ்வொரு படம் எடுத்தீர்கள். ஈரம் காய்வதற்கு முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது.

“இந்தா பாரு, விமானத்து லென்ஸு. காதுல போட்டிருக்க கம்மல்ல கல்லு தெரியுது. அந்தக் குழாய்ல எடுத்ததைப் பாரு. மூலையெல்லாம் இருட்டு, மரம் சுத்துது, முகத்துல பாதியைக் காணோம். இது கோளாறு பிடிச்ச கண்ணாடி.”

“கம்மலை நான் பெட்டியைத் திறந்தே பாத்துக்கிடுவேன். இதுல நான் உங்களைப் பாத்துக்கிட்டு இருக்கது தெரியுது. அதுல தெரியல.”

“அது கண்ணாடியோட வேலை இல்ல.”

“பின்னே யாரோட வேலை?”

விமானத்து லென்ஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டு வெளியே போய்விட்டீர்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு நேரே துறைமுகத்துப் பக்கம் நடந்தேன். அழுகும் சங்கு வாடை மூக்கைத் துளைத்தது. நீங்கள் தேர்ந்தெடுத்ததை அண்ணாச்சி மேசையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

“இது உங்க வீட்டு அண்ணாச்சிக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும். நான் போய்ச் சொன்ன உடனே தெரிஞ்சிரும்” என்றேன்.

அதற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. நீங்கள் என்னோடு பேசாமல் இருந்த அந்த நாட்களில்கூட வருத்தப்படவில்லை. ஆனால் ஒரு மத்தியானம், இருட்டறை மேசையில் அந்தக் குழாய் காமிராவில் மாட்டுவதற்கான புதுப் பித்தளை வளையத்தோடு இருந்தது. படகு எஞ்சின் பட்டறையில் நீங்களே பக்கத்தில் நின்று கடைந்து வாங்கி வந்திருந்தீர்கள். முன்பக்கம் துணித்திரை ஷட்டரும் மாட்டியிருந்தது. “வளையம் சரியா உக்காருதான்னு பாரு” என்றீர்கள். “கண்ணாடி தப்பு. வளையம் சரி.” அவ்வளவுதான் பேச்சு.

ஆத்தூர்க்காரர்கள் வந்தது அதற்குப் பிறகுதான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பால்பாண்டியும் அவர் மனைவி வள்ளியும், தவழத் தொடங்கியிருந்த ஒரு ஆண் பிள்ளையும். உங்கள் பழைய லென்ஸில் எத்தனை தட்டைப் பாழாக்கினீர்கள்! ஒவ்வொன்றிலும் சட்டை இருந்தது, அரைஞாண் இருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை. கடைசியில் சலித்துப்போய்ச் சொன்னீர்கள்: “பிள்ளை தூங்கையில தூக்கிட்டு வாங்க. அசையாம இருக்கும். அருமையா எடுத்துத் தாரேன்.”

வள்ளியின் முகம் செத்துவிட்டது. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விட்டாள். நமக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வாசலுக்கு ஓடி, “நாங்க ஆத்தூருக்கு வாரோம். அங்கன வச்சு எடுப்போம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் முறைத்தீர்கள். இருந்தாலும் காமிராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியது நீங்கள்தான்.

கொடிக்காலுக்குள் வெளியில் அடிக்கிற வெயிலில் பாதிகூட இல்லை. பச்சைத் தண்ணீருக்குள் நிற்பதைப் போல இருந்தது. உங்கள் லென்ஸ் அங்கே பெட்டியை விட்டு வெளியே வந்திருக்கவே முடியாது. பிள்ளை வாய்க்கால் ஈரத்தில் தவழ்ந்தது, இலையைப் பிய்த்தது, அம்மாவைத் தேடித் திரும்பியது. திரும்பின அந்தக் கணத்தில் நான் ஷட்டரைத் தட்டினேன்.

படத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். பிள்ளையின் இரண்டு கண்ணும் ஈர உதடும் மட்டும் அத்தனை தெளிவு. உயர்த்திய கை பாதியில் கலைந்திருந்தது. வெற்றிலை எல்லாம் அவனைச் சுற்றி வட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. “இலை சுத்துறதுக்கு நான் பொறுப்பில்ல” என்று நீங்கள் முதலிலேயே சொல்லிவிட்டீர்கள்.

பால்பாண்டி ரொம்ப நேரம் பார்த்தார். “இதுக்கு முன்னால நாலு பிள்ளை இருந்துச்சும்மா. நாலும் அசையாமத்தான் கிடந்துச்சு, கண்ணை மூடிக்கிட்டு. ஒண்ணுக்கும் படம் இல்ல. அசையுற பிள்ளையோட படம்தான் எங்களுக்கு வேணும்.”

வள்ளி, படத்தில் கலைந்திருந்த அந்தக் கையின் மேல் விரலை வைத்து, “கையை ஆட்டுதான்” என்றாள். “பாருங்களேன், இன்னும் ஆட்டுதான்.”

திரும்பி வருகையில் பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகு, “பெத்தவங்க எந்தப் படத்தைக் காட்டினாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க” என்றீர்கள். எப்படிப்பட்ட பிடிவாதக்காரர் நீங்கள்! உங்களை ஜன்னல் வழியாக வெளியே தள்ளலாம் போல இருந்தது. உங்கள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

அப்புறம் போன வருஷம் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்றார் டாக்டர். ஐப்பசி மழை. உள்ளறையில் ஒரே ஜன்னல், அதிலும் சாம்பல் வெளிச்சம். நான் காமிராவைக் கொண்டுவந்து அதன் கால்களை விரித்து நிறுத்தியதும் உங்களுக்கு வந்ததே கோபம்!

“ஏளா, அந்தக் குழாயைத் தூக்கிட்டுப் போ. என்னை அதுல எடுக்காத. நான் என்ன பால்ல விழுந்த ஈயா?”

அந்த ‘ஈயா’வில் நான் தட்டிவிட்டேன்.

படத்தைக் கழுவி உங்களிடம் காட்டினேன். ஒரு கண், தூக்கிய புருவம், பாதி திறந்த வாய். மற்றதெல்லாம் தலையணையோடு கரைந்திருந்தது. “காதைக் காணோம்” என்றீர்கள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். ஆனால் படத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. ஏன் அத்தான்? அந்த வாரமே போய்விட்டீர்கள். இனி யாரிடம் கேட்பேன்?

அந்தப் படத்தைத்தான் நேற்று உங்கள் அண்ணன் கழற்றச் சொன்னார். கோட்டுப் போட்டு, கழுத்துக்குக் கவட்டை கொடுத்து எடுத்த பழைய படத்தைச் சட்டம் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“இது எவ்வளவு லெட்சணமா இருக்கு. அதுல வாயைப் பொளந்துக்கிட்டு... பாக்கிறவன் என்னம்மா நினைப்பான்?”

“அவுக என்னை ஏசிக்கிட்டு இருக்காகன்னு நினைப்பான், பெரியத்தான். அது நெசந்தானே?”

“ஒரு காதுகூட ஒழுங்காத் தெரியல.”

“எங்களுக்குள்ள காது என்னைக்கு வேலை செஞ்சது?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டூடியோவைக் கைமாற்றிவிட்டு நான் சாத்தான்குளத்துக்கு அவர்களோடு வந்துவிட வேண்டுமாம். துறைமுகத்துப் பக்கம் ஒரு பொம்பளை தனியாகக் கடை திறந்து உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்றார். அந்தக் குருட்டுக் கண்ணாடியை யாராவது பழைய பித்தளைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்றார். குருட்டுக் கண்ணாடி! மற்ற ஸ்டூடியோக்காரர்கள் வைத்த பெயர் அது. அவர் காதுவரை வந்திருக்கிறது.

“கடையும் விக்கல, கண்ணாடியும் விக்கல” என்றேன். “ஊரு படம் எடுக்க வருது, பெரியத்தான். சொல்லுததை அங்கன வந்து என் முகத்துக்கு நேரா சொல்லட்டும்.”

அவர் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். பின்னாலேயே போன உங்கள் மதினி வாசலில் செருப்புத் தேடுவதைப் போலக் குனிந்து என் காதோடு சொன்னாள்: “கிருபை, அடுத்த மாசம் வாரேன். என்னையும் அந்தக் கண்ணாடில ஒண்ணு எடுத்துத் தாளா. அவுகளுக்குத் தெரிய வேண்டாம்.”

நான் உங்கள் லென்ஸைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இலங்கைக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட் படத்துக்கு அதைத்தான் மாட்டுகிறேன். அங்கே காது வேண்டும். ஆனால் பெரியதாழையில் கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் தாயார், இருட்டுக் குடிசையை விட்டு வெளியே வரமாட்டேன் என்றபோது, குழாயைத்தான் கொண்டுபோனேன். பேறுகால அறைகளுக்கும் அதுதான் போகிறது. எந்த லென்ஸ் நல்லது என்று கேட்டு வருகிற இளவட்டங்கள் எல்லாரும் மூலைக்கு மூலை கூர்மையாக இருக்கிறதா என்றே கேட்கிறார்கள். “உங்க முன்னால உக்காரப்போறது யாரு, அவுக எந்த வெளிச்சத்துல இருக்காக, அதை முதல்ல சொல்லுங்க” என்கிறேன். கோளாறு இல்லாத லென்ஸ் இருக்கலாம். அது யாரையும் பாராமலே எல்லாரையும் படம் பிடித்துவிடும். எனக்கு வேண்டாம்.

நாம் இருவரும் மறுபடி ஒருவரை ஒருவர் பார்ப்போம் என்று நேற்று பாதிரி ஐயர் பிரசங்கத்தில் சொன்னார். பரலோகத்தில் சூரியனும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், அவ்வளவு வெளிச்சமாம். கேட்டதும் எனக்குத் திக்கென்றது. அத்தனை வெளிச்சம் இருந்தால் வேகமான லென்ஸுக்கு வேலையே இல்லையே! வாசலிலேயே நின்று, “பாத்தியாளா, நான்தான் ஜெயிச்சேன்” என்று நீங்கள் சொல்லப்போவது இப்போதே காதில் விழுகிறது.

சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே இருங்கள். நான் வந்து நிழலாக ஒரு மூலையைத் தேடிப் பிடித்து, உங்களை அங்கே உட்காரவைக்கிறேனா இல்லையா பாருங்கள். அதுவரைக்கும் இங்கே கடையை மூட மாட்டேன், படத்தைக் கழற்ற மாட்டேன், ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். இது சத்தியம்.

இன்னும் உங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி,
கிருபை