கை மாறிய பெயர்

செவ்வாய், ஆடி 14

தங்கை மகள் கவிதா பட்டுப்புடவை விற்கும் இணையதளத்தின் பெயரை யாரோ வாங்கிவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் எல்லோரும் அந்தப் பெயரைத் தேடித்தான் வருவார்கள். வீட்டில் மூத்தவன் என்று என் பெயரில் பதிந்திருந்தாள். புதுப்பிக்கச் சொல்லி எனக்கு வந்த மின்னஞ்சல்களை நான் திறக்கவே இல்லை.

"இன்டர்நெட்டையே கட்டி ஆள்ற ஆபீசரு, நம்ம ஊரு கூரத்து ஆளுன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே மாமா. அவராண்ட பேசுங்க."

பேசிவிட்டேன் என்றேன்.

பெயரைப் பதிந்து கொடுத்த கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் தனியாகக் கேட்டேன். "இன்டர்நெட்டுக்குத் தலைவர்னு ஒருத்தரும் இல்லணா. பல நாட்டுக்காரங்க கூடிப் பேசி விதி போடறாங்க. கெடு முடிஞ்சா முடிஞ்சதுதான்."

வருத்தம்கூட வரவில்லை. மரத்துக் கிடக்கிறேன். ஆபீசர் டெல்லியில் மீட்டிங்கில் இருப்பதாகக் கவிதாவிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அவரை எந்த ஊருக்கு அனுப்புவது?