மன்னிப்புக் கேட்டு நடந்த வாரம்

12-11-73, திங்கள்

மழை விட்டது. வெயில் தலைகாட்டியதும் மில் களத்தில் நெல் பரப்பச் சொன்னேன். அவித்த நெல் ஷெட்டிலேயே கிடந்து நாற்றம்.

ஞாயிறு ரயில், பம்பாய். அங்கிருந்து கப்பல். வாங்க வேண்டியது: ஊறுகாய், தைலம், பெட்டிக்குப் பூட்டு. ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராம் துணி வந்துவிட்டது. மில் பலகையில் என் பெயருக்கு முன்னால் 'ஹாஜி' சேர்க்க மகன் ரஷீது இப்போதே பெயின்டரிடம் சொல்லிவைத்திருக்கிறான். திரும்பி வந்தபின் பார்க்கலாம் என்றேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஹஜ்ஜுக்குப் போகிறவன் மனிதர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அதனால் வீடு வீடாக. "ஏதாவது தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்குங்க." "பொறுத்துக்கிட்டோம், எங்களுக்கும் துஆ செய்யுங்க." டீ. அடுத்த வீடு. மறுபடி டீ. பள்ளிவாசல் தெரு முடிந்தது. வயிறு உப்புசம்.

13, செவ்வாய்

மேகமூட்டம். மில் ஆட்களைக் களத்தோரம் நிற்கவைத்து ஒரேயடியாகக் கேட்டுவிட்டேன். மெஷின்காரர்கள் தலையாட்டினார்கள். நெல் காயவைக்கும் பெண்கள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. மில் திறந்த வருஷத்திலிருந்து என் களத்தில் நெல் துழாவுகிறவள்.

"இன்னாத்துக்கு பாய் பொறுத்துக்கணும்?"

எங்களில் இது வழக்கம் என்றேன்.

"அது சரி. இன்னா தப்புன்னு சொன்னாத்தானே பொறுத்துக்க முடியும்."

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கூலி நிறுத்தியதில்லை. தீபாவளிக்குப் புடவை கொடுக்கிறேன். சும்மா பொதுவாகக் கேட்டேன் என்று முனகிவிட்டு ஆபீஸுக்குள் வந்துவிட்டேன். திமிர் பிடித்தவள் என்று வீட்டில் மனைவி ஜைத்தூனிடம் சொன்னேன். அவள் குழம்பு ஊற்றினாள்.

14, புதன்

தூறல். தைலம் வாங்கியாயிற்று.

வேலை விடும் நேரம் கேட் பக்கம் நின்றேன். அங்கே ரஷீது நாற்காலியில். நான் இல்லாதபோது மில் அவன் பொறுப்பு, இப்போதே பழகட்டும் என்று விட்டிருக்கிறேன். பெண்கள் வரிசையாக வந்து, அவன் முன்னால் நின்று, மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுப் போனார்கள். நெல்லை மடியில் முடிந்துகொண்டு போகக்கூடாதென்று நான் ஏற்படுத்திய வழக்கம். தினமும் நடப்பது. தினமும் பார்த்தது.

கன்னியம்மா வந்தாள். "ஏய், இன்னொரு தடவை நல்லா உதறு" என்றான். அப்படியே என் குரல். முகத்தைப் பார்க்காமல் சொல்வதுகூட என்னைப் போலவே. அவன் அம்மாவைவிட மூத்தவள் அவள். உதறினாள். ஒன்றும் விழவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் மடியிலிருந்து ஒரு மணி விழுந்து நான் பார்த்ததில்லை.

வெட்கமாக இருக்கிறது. நேற்று அத்தனை பேர் எதிரில் 'ஏதாவது தப்பு' என்று கேட்டிருக்கிறேன்.

15, வியாழன்

பயணத்துக்காக ஊசி போட்ட கை வீங்கி வலி. பூட்டு இன்னும் வாங்கவில்லை.

ரஷீதைக் கூப்பிட்டு, இனி யாரையும் மடி உதறச் சொல்லாதே, போகிற நெல் போகட்டும் என்றேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டான். பிறகு, "அத்தா, விட்டா தலைமேல ஏறிடுவாங்கன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

நான்தான்.

16, வெள்ளி

ஜும்ஆ தொழுகை. மனிதன் இறந்த பிறகும் தொடர்ந்து நன்மை தருபவை பற்றி ஹஜ்ரத் பேசினார். நிலையான தர்மம், பயனுள்ள கல்வி, துஆ செய்யும் நல்ல பிள்ளை. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் தொட்டி நான் கட்டிக் கொடுத்தது என்பதால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வரும்போது, நல்ல பிள்ளையும் கிடைத்திருக்கிறான், உங்களுக்கென்ன கவலை என்றார் ஒருவர். ஐந்து வேளை தொழுகிறான், சிகரெட் தொடமாட்டான், உண்மைதான். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். கப்பலில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்த மில்லில் நான் என்று மிஞ்சுவது இவன் வாய்தான்.

17, சனி

காலையில் நல்ல குளிர். ரயில் லைன் தாண்டி கன்னியம்மா வீட்டுக்கு நடந்து போனேன். அந்தத் தெருவில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. உட்கார வைக்கப் பக்கத்து வீட்டில் நாற்காலி கேட்கப் போனாள். வேண்டாம் என்று நின்றபடியே சொன்னேன். மடியை உதறச் சொன்னது, நாள்தோறும் உன்னைத் திருடியாக நினைத்தது, அதற்குப் பொறுத்துக்கோம்மா.

கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"வுடுங்க பாய். பொறுத்துக்கினேன். நல்லபடியா போய்ட்டு வாங்க."

தெருமுனைக்குப் போவதற்குள் கூப்பிட்டாள்.

"நேத்துகூட சின்ன பாய் உதறச் சொன்னாரு. அத்த யாரு பேர்ல பொறுத்துக்கறது?"

நேரே மில்லுக்கு நடந்தேன். ரஷீதிடம் கத்தினேன். தலை குனிந்து நின்றான். கோபமா வருத்தமா, தெரியவில்லை.

சாயங்காலம் நானே கேட்டில் போய் நின்றேன், அவனையும் பக்கத்தில் நிற்கவைத்து. உதற வேண்டாம், போங்கம்மா என்றேன். முதலில் வந்தவள் என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போனாள். அடுத்தவளும் அப்படியே, கன்னியம்மாவும் அப்படியே. நாளை நான் ரயில் ஏறிவிடுவேன், திங்கட்கிழமை கேட்டில் இருக்கப்போகிறவன் அவன்.