முதலைக் காட்சி

நேற்றுப் பின்னேரம் என் மகள் குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்து ஏதோ பழைய மாயாஜாலப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முதுகைக் காட்டியபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஒரு குதிரை கனைத்தது. அது பேசும் குதிரை. கனைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கும். எடியே, எனக்குக் கை ஓடவில்லை. பரந்தனில் அந்த நெல்லுக் களஞ்சியம், யன்னலில் அடித்திருந்த உரப்பைகள், மண்ணெண்ணெய்ப் புகை, என் தோளோடு தோள் முட்ட நீ. எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

"தள்ளி இரு பிள்ளை. இந்தப் படத்தில எனக்குத் தெரியாத இடம் ஒண்டும் இல்லை" என்று மகளிடம் பெரிய கதை கதைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டேன். அரைமணி நேரத்தில் என் வாய் அடைத்துப்போனது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இது உனக்கு வந்து சேராது என்று தெரியும். சேரக்கூடிய காலத்தில் நான் ஒரு வரியும் எழுதவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலம். முல்லைத்தீவுக் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த என்னை, சின்னம்மா பரந்தனுக்குக் கூப்பிட்டு அந்தத் தையல் கடையில் சேர்த்துவிட்டா. எனக்கு முன்மெசின் உன்னுடையது. நீ வாய்க்காலுக்கு அப்பாலிருந்த குடியேற்றத்திலிருந்து சைக்கிளில் வருவாய். நீ பிறப்பதற்கு முன்பே உன் அம்மாவும் அப்பாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்துவிட்டார்கள். கதைக்கும்போது உன்னை எவரும் பிரித்துச் சொல்ல முடியாது. கோபம் வந்தால் மட்டும் உன் அம்மாவின் பேச்சு வெளியே வந்துவிடும். அதை வைத்தும் நான் உன்னைப் பகிடி பண்ணியிருக்கிறேன்.

கரண்ட் இல்லாத ஊரில் டெக் அண்ணைதான் எங்களுக்கு ராசா. ஒரு ரீவி, வீடியோ போடும் ஒரு டெக், மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் ஜெனரேற்றர். குண்டுவீச்சுக்குப் பயந்து இரவில் வெளிச்சம் காட்ட ஏலாது என்பதால் ஞாயிறு மத்தியானத்தில்தான் களஞ்சியத்துக்குள் படம். நான் பூசை முடிந்து வந்து சோற்றை விழுங்கிவிட்டு ஓடி வருவேன், நீ எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். அவரிடம் இருந்தது நாலைந்து கசற். அதிலும் இந்தக் குதிரைப் படத்தை எத்தனை தரம் போட்டார் என்று அவருக்கே தெரியாது.

மூன்றாம் தரம் பார்க்கும்போதே கதை அலுத்துவிட்டது. பிறகு பிழை பிடிக்கத் தொடங்கினேன். அரண்மனைக் காவலாளி ஒருவனின் கையில் மணிக்கூடு. குதிரையின் முன்கால் வெள்ளை இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் போய்விடும். முனிவர் சாபம் கொடுக்கும்போது தாடி நெஞ்சுவரை, அடுத்த வசனத்தில் வயிறுவரை. எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை இளவரசியுடையது. பச்சைப் பாவாடை, பொங்கிய கை வைத்த சட்டை, பூ வைத்த பின்னலோடு குகைக்குள் போவாள். அடுத்த கணமே வெளியே வருவாள், சிவப்புப் பாவாடை, நாலு விரல் சரிகை, அவிழ்ந்த தலை. தையல்காரியின் கண் இதை விடுமா?

"எடேய், உள்ளுக்கை தையல் கடை வைச்சிருக்கிறாங்களடா! டைரக்டர் நல்ல நித்திரை!" என்று கத்துவேன். களஞ்சியமே சிரிப்பில் குலுங்கும். கொஞ்ச நாளில் சனம் படத்தைவிட என் வாய்க்காகத்தான் வந்தது. டெக் அண்ணை என்னை முதல் வரிசையில், முன்வாங்கில் இருத்துவார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

நீ மட்டும் சிரிக்கமாட்டாய். என் காதுக்குள் சொல்வாய், "சும்மா இரடி. இடையில என்னவோ நடந்திருக்கும்."

"என்னடி நடக்கும்? போறாள், வாறாள். நாங்கள் பாத்துக்கொண்டுதானே இருக்கிறம்?"

"நாங்கள் பாக்காத நேரத்தில நடந்திருக்கும்."

"அப்ப காவலாளியின்ர மணிக்கூடு?"

நீ விடவில்லை. "மாயாஜாலப் படம்தானே. குதிரையே கதைக்குது, மணிக்கூடு வரக்கூடாதோ?"

அந்தப் பதிலுக்கு நான் உன்னை ஒரு கிழமை நக்கலடித்தேன்.

உனக்குச் சம்பந்தம் பேசி வந்தது அந்த வருசம்தான். பையனை உனக்குப் பிடித்திருந்தது. நீ சொல்லவில்லை, ஆனால் மெசினில் நூல் கோர்க்கும்போது தானாகச் சிரித்தாய். பையனின் அக்காவுக்குத்தான் அரைமனது. "மலைநாட்டு ஆக்கள் எண்டாலும் பிள்ளை அடக்கமான பிள்ளை" என்று எங்கள் கடையிலேயே சொன்னவ அவ. அந்த "எண்டாலும்" என்ற சொல் என் காதில் விழுந்தது, உன் காதிலும் விழுந்திருக்கும். நீ குனிந்து தைத்துக்கொண்டிருந்தாய்.

அந்த நாள். நீ தைத்து முடித்த உடுப்புகளைக் கொடுத்துவிட்டு வருவதற்காக மத்தியானம் சைக்கிளில் போனாய். நீயே வெட்டித் தைத்த நீலப் பாவாடை உடுத்திருந்தாய். திரும்பி வரும்போது பின்னேரம் நாலு மணி இருக்கும். கடைக்குள் பையனின் அக்கா சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டு நிற்கிறா. நான் அளவு நாடாவோடு நிற்கிறேன். நீ உள்ளே வருகிறாய், பழைய மண்ணிறக் கோட்டுப் பாவாடை, உன் உயரத்துக்குக் கட்டை, இடுப்பில் ஊசி குத்தியிருந்தது.

என் பாழாய்ப்போன வாய்! "ஐயோ பாருங்கோ, டைரக்டர் நித்திரை! போகேக்க நீலம், வரேக்க மண்ணிறம்!"

எல்லோரும் சிரித்தார்கள். பையனின் அக்கா சிரிக்கவில்லை. "எங்கை பிள்ளை உடுப்பு மாத்தினனீர்?" என்று கேட்டா.

"வாய்க்காலுக்குள்ளை விழுந்திட்டன் அக்கா. வீட்டை போய் மாத்தினனான்" என்றாய் நீ. அந்த இடத்தில் நான் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். ஆனால் முன்வாங்கில் இருந்து பழகிய வாய் அல்லவா?

"வாய்க்காலுக்குள்ளை விழுந்தவளுக்குத் தலை நனையேல்லை. சட்டையும் நனையேல்லை. செருப்பும் காஞ்சு கிடக்கு. பிழை பிடிச்சிட்டன்!"

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது. பிறகு உன் அம்மாவின் பேச்சில் சொன்னாய், "நடுவுல என்னமோ நடந்துச்சுன்னு வச்சுக்கோ." மெசினில் போய் இருந்து மிதிக்கத் தொடங்கினாய். பையனின் அக்கா அளவைப் பாதியில் விட்டுவிட்டுப் போனா. இரண்டு கிழமைக்குள் சம்பந்தம் குழம்பியது. காரணம் கேட்டவர்களுக்கு அவ உன் பாவாடையின் நிறத்தைத்தான் சொன்னாவாம்.

அந்த மாதம் முடியும்வரை நீ வந்தாய், தைத்தாய், போனாய். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு வரவில்லை. பிறகு கடைக்கும் வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபித்துக்கொண்டு இருந்தேன். நான்! இவ்வளவு நெருக்கமாக இருந்தவள் என்னிடமே மறைக்கிறாள் என்று ரோசம். உன் வீடு சைக்கிளில் இருபது நிமிடம். வாய்க்கால் கட்டால் போனால் அதுவும் இல்லை. ஒரு வருசத்துக்கு மேல் நான் அந்தக் கட்டில் சைக்கிளைத் திருப்பவில்லை. பிறகு சண்டை வந்தது, பரந்தனே எழும்பி ஓடியது. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கனகராயன்குளத்தில் கொஞ்ச நாள், இன்னோர் இடத்தில் கொஞ்ச நாள் என்று இருந்து, கடைசியில் வவுனியா வந்து ஒரு மெசின் போட்டேன்.

அங்கேதான், இரண்டாயிரத்து ஒன்றில், ஒரு பெண் தன் மகளுக்குச் சட்டை தைக்க வந்தாள். உங்கள் குடியேற்றத்துப் பெண். பெயரை எழுதமாட்டேன். நான் பரந்தனில் தைத்தவள் என்று சொல்லி உன்னைப் பற்றிக் கேட்டேன். அவள் மகளை வெளியே போய் விளையாடச் சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

"அக்கா, அண்டைக்கு நான் பழைய நெல்லு மில்லுக்குள்ளை கிடந்தனான். எனக்கு அப்ப கலியாணம் ஆகேல்லை. வயித்தில பிள்ளை, அது கலைஞ்சு போச்சு. ரத்தம் நிக்கேல்லை. முனகிற சத்தம் கேட்டு அவதான் சைக்கிளைப் போட்டிட்டு ஓடி வந்தவ. தன்ர நீலப் பாவாடையைக் கழட்டி எனக்குச் சுத்திவிட்டவ. நான் மாத்த வைச்சிருந்த அம்மான்ர பாவாடை பிறகுதான் கண்ணில பட்டது. அதைத்தான் அவ கட்டிக்கொண்டு போனவ. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு என்ர தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினனான். சம்பந்தம் குழம்பினாப் பிறகும் அவ வாய் திறக்கேல்லை."

நீ இடம்பெயர்ந்த இடத்தில் காய்ச்சல் வந்து, மருந்து கிடைக்காமல், மூன்றாம் நாள் போய்விட்டாய் என்பதையும் அவள்தான் சொன்னாள். கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்தவளும் அவள்தான். நான் அந்தச் சின்னச் சட்டைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அன்று ஒரு தையலும் போடவில்லை.

இப்போது நேற்றைய கதைக்கு வருகிறேன். இளவரசி பச்சைப் பாவாடையோடு குகைக்குள் போனாள். "இப்ப பார், சிவப்பில வருவாள்" என்று மகளுக்குச் சொல்லிச் சிரித்தேன். வரவில்லை! குகைக்குள் ஒரு குளம், குளத்துக்குள் ஒரு முதலை. முதலை அவளை விழுங்கியது. முதலையின் வயிற்றுக்குள் ஓர் அரண்மனை. அங்கே தோழிகள் அவள் தலையை அவிழ்த்து, சிவப்புப் பாவாடை உடுத்தி, ஒரு பாட்டும் பாடி, பிறகு முதலை தும்ம, வெளியே வந்து விழுந்தாள். நாலு நிமிடம். விசர்க் காட்சிதான். ஆனால் இருந்தது. டைரக்டர் நித்திரை கொள்ளவில்லை.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் படம் எங்கள் ஊரில் ஓடத் தொடங்குவதற்கு முதல் கிழமை, டெக் அண்ணை ஒரு கசற்றோடு கடைக்கு ஓடி வந்தார். ஜெனரேற்றர் இழுத்து விட்டதில் டெக் நாடாவைச் சப்பித் துப்பிவிட்டது. "தங்கச்சி, உங்கட கத்தரிக்கோல்தான் கூர். கசங்கினதை வெட்டி ஒட்டித் தாங்கோ" என்றார். நீ இரண்டு பக்கமும் பிடித்தாய். நான் வெட்டினேன். பத்துப் பன்னிரண்டு முழம் இருக்கும். சுருட்டிக் குப்பைக்குள் போட்டேன். எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. முதலையை வெட்டி எறிந்தவள் நான். பிறகு வருசக்கணக்காக அந்த டைரக்டரை நக்கலடித்தவளும் நான். உனக்கு அது அப்போதே விளங்கியிருக்குமோ? நாடாவைப் பிடித்திருந்தவள் நீ அல்லவா? விளங்கியும், எல்லோருக்கும் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் இருந்தாயோ? கேட்க இப்போது ஆள் இல்லை.

வவுனியாவில் அந்தப் பெண் வந்துபோன நாளுக்குப் பிறகு நான் எவரிலும் பிழை பிடிப்பதில்லை. மகள் பிந்தி வந்தால், வாடிக்கையாளர் சொன்ன நாளுக்கு வராவிட்டால், அயலில் யாரையாவது பற்றிக் கதை வந்தால், உன் வசனத்தைத்தான் சொல்வேன். இடையில் என்னவோ நடந்திருக்கும். மகள் அதைச் சொல்லி என்னைப் பகிடி பண்ணுவாள். பண்ணட்டும்.

அந்தப் பெண் அன்று எழும்பிப் போகும்போது சொன்ன ஒன்றை நான் இதுவரை எவருக்கும் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது நீ என்னைப் பற்றிக் கதைத்தாயாம். "உங்கட சிநேகிதி ஏன் ஒருநாளும் வந்து பாக்கேல்லை?" என்று அவள் கேட்டிருக்கிறாள். நீ சொன்னாயாம், "அவள் வராமல் இருக்கமாட்டாள். இடையில என்னவோ நடந்திருக்கும்."

ஒன்றும் நடக்கவில்லையடி. எனக்குக் காய்ச்சல் இல்லை. என் சைக்கிள் உடையவில்லை. வாய்க்கால் கட்டு திறந்துதான் கிடந்தது. நான் சும்மா வராமல் இருந்தேன்.